மாட வீதியில் மிஸ் அடிக்கும் அம்பாசடர்: உரிமையாளருக்குச் சில யோசனைகள்

பழைய அம்பாசடர் நின்ற இடத்திலேயே உலுக்க ஆரம்பித்தால், செய்யக் கூடாத முதல் காரியம் பானட்டைத் திறப்பது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பானட் திறக்கும் சத்தம் கோயில் குளத்தின் அக்கரை வரை கேட்கும். பத்து நிமிஷத்தில் ஐந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸில் ரிடையர் ஆனவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பெருங்களத்தூர் ஃபேக்டரியில் அவர் சம்பளப் பட்டுவாடா பிரிவில் இருந்தவர் என்பது வெகு நேரம் கழித்துத்தான் வெளிவரும். இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வருவார். மாமனார் வண்டியில் திருப்பதி மலை ஏறியவர் ஒருவர். ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், பிள்ளைகளோடு. ஐந்தாமவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஸ்பேனர் அவர் கையில்தான் இருக்கும்.

ஐந்து பேரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "கார்ப்ரேட்டர்."

கார்ப்ரேட்டர் மேலே இருக்கிறது, கண்ணில் படுகிறது, திருகுவதற்கு ஸ்க்ரூவும் இருக்கிறது. அது செய்த குற்றம் அவ்வளவுதான். வால்வு மூடிக்குள் இருக்கிறது. பாயிண்ட் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க ஹெட்டையே தூக்க வேண்டும். ஆகையால் ஊரில் எந்த இஞ்சின் மிஸ் அடித்தாலும், அதாவது சிலிண்டர் வெடிக்காமல் விட்டுப்போனாலும், முதல் அடி கார்ப்ரேட்டருக்கு. கழற்றிக் கழுவி, ஜெட்டை ஊதி, மாட்டி, ஸ்டார்ட் பண்ணினால் வண்டி அப்படியே உலுக்கும். அப்போது, "காயிலா இருக்கும்" என்பார்கள். காயில் மாற்றுவீர்கள். "பிளக்" என்பார்கள். இப்படியே போனால் ஒரு மாதத்தில் வண்டியில் பாதி புதிதாகிவிடும், மிஸ் மட்டும் பழையதாகவே இருக்கும்.

நான் சொல்லப்போகும் யோசனைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். கூட்டத்தில் இதைச் சத்தமாகக் கேட்டால் பாதிப் பேர் காபிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் லாபம்தான்.

இறங்குவதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்த இஞ்சின் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாசடர் என்றால் ஒரே வண்டி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை வைத்து ஐம்பதுகளின் கடைசியில் உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்து, 2014 மே மாதம் கதவைச் சாத்தும் வரை முகம் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருந்தது மாறிக்கொண்டே வந்தது. 1489 சிசி பெட்ரோல், அந்தக் குடும்பத்திலேயே ஒரு டீசல், தொண்ணூறுகளில் இசுஸுவின் 1.8 லிட்டர். இதெல்லாம் கம்பெனி போட்டது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள் போட்டது தனிக் கணக்கு. ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல் என்று எழுதியிருந்து பின்னால் கரும்புகை வருகிறதென்றால், உங்களுக்கு வேண்டியது மெக்கானிக் இல்லை, வக்கீல். இங்கே பேசப்போவது 1489 பெட்ரோலைப் பற்றி. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, நீங்கள் துடைப்பது.

இன்னொன்றையும் முதலிலேயே கழித்துவிடலாம். உலுக்குவதெல்லாம் மிஸ் இல்லை. சத்தம் சீராக இருக்கிறது, ஸ்டியரிங் பக்கத்துக் கியர் லீவர் மட்டும் ஆடுகிறது என்றால் இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, அது உட்கார்ந்திருக்கும் மவுண்டிங் ரப்பர்தான் போயிருக்கிறது. கைவிளக்கை அடியில் பிடித்துப் பாருங்கள். ரப்பர் ஆயிலில் ஊறிப் பிளந்து கிடந்தால் மாற்றிவிட்டு வேறு வேலை பாருங்கள். மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.

அடுத்தது காது. இந்த விஷயத்தில் மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். மார்கழி சீசனில் தனி ஆவர்த்தனத்தின்போது தொடையில் தாளம் போட்டபடி வித்வானைத் திருத்துகிறவர்கள், நாலு சிலிண்டரில் எந்த அடி விழவில்லை என்று சொல்லவா தயங்குவார்கள்? கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவதுதான் விட்டுப்போறது" என்பார் ஒருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலில் இஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 700 சுற்று சுற்றுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். நாலும் சேர்ந்தால் நிமிஷத்துக்கு 1,400 வெடி, வினாடிக்கு 23. ஐந்தாம் காலத்திலும் அதை எண்ணுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. மாமா சொன்னது மூன்றாவதாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். சரியாகிவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

காதால் எண்ண முடியாதே தவிர, ஒழுங்கைப் பிடிக்க முடியும். சைலன்சர் பக்கம் போய் நின்று கேளுங்கள். விட்டுப்போவது ஒரே சீராக, கடிகாரம் மாதிரி வந்துகொண்டே இருந்தால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் முழுக்கப் படுத்துவிட்டது: பிளக், அதன் ஒயர், அல்லது வால்வு. எப்போது வரும் என்றே தெரியாமல் இஷ்டத்துக்கு விட்டு விட்டு வந்தால், நாலு சிலிண்டருக்கும் பொதுவானது எதிலோ கோளாறு: பாயிண்ட், கண்டென்சர், காயில், அல்லது பெட்ரோல். ஐடிலில் மட்டும் உலுக்கி, ரேஸ் பண்ணினால் சரியாகிறதா? வெளிக்காற்றை எங்கேயோ இழுக்கிறது, அல்லது ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. ஐடிலில் சாதுவாக இருந்துவிட்டு, அடையாறு பாலத்தில் ஏறும்போது திக்குகிறதா? ஸ்பார்க் பலவீனம். மேடேறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். நொந்துபோன காயிலுக்கு அது முடியாது.

சைலன்சர் பக்கம் போகும்போதே ஒரு காகிதமும் எடுத்துப் போங்கள். மயிலாப்பூர் டைம்ஸின் ஒரு பக்கம் போதும். அளவும் சரி, கனமும் சரி. குழாய் வாயில் தொங்கவிடுங்கள். நல்ல இஞ்சின் காகிதத்தை ஒரே சீராக வெளியே தள்ளும். தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, நடுநடுவே படக்கென்று காகிதத்தை உள்ளே இழுத்தால், ஒரு எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்க வாய்ப்பு உண்டு. காகிதத்தைத் தொங்கவிடும் முன் அதில் பார்க்கிங் புகார்கள் இருக்கும் பக்கத்தைப் படித்துவிடுங்கள். உங்கள் வண்டி அதில் வந்திருக்கலாம்.

இப்போது பானட்டைத் திறக்கலாம். கூட்டம் சேரட்டும்.

ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். டிரைவர் காலருகே இருப்பது நாலாவது. வெடிக்கும் வரிசை 1-3-4-2. இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் ஒன்றாவது பிளக்கின் ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இஞ்சின் உலோகத்தில் தொட்டபடி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இன்னும் மோசமாக உலுக்கி, நிற்கப் பார்த்தால், ஒன்றாவது இதுவரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. திரும்ப மாட்டிவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். இப்படியே போகும்போது ஒரு ஒயரைக் கழற்றினால் வண்டிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. உலுக்கல் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஒரு ரூபாய் செலவில்லை. மாட வீதியில் யாரும் இதை முதலில் செய்யாததற்கும் அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பிளேயர் இல்லாமல் கையால் இழுக்கலாமா என்று ஒருவர் கேட்பார். "நாங்கள்லாம் கையாலதான் எடுப்போம்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாமவருக்கு வழிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பல ஆயிரம் வோல்ட், ஆனால் மிகக் குறைந்த கரண்ட். ஆரோக்கியமான ஆளைப் பெரும்பாலும் ஒரு குதி குதிக்க வைத்துவிட்டு விட்டுவிடும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் மட்டும் இந்தப் பக்கமே வரக் கூடாது. மாட வீதிக் கூட்டத்தில் பேஸ்மேக்கர்காரர் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார், அதனால் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

படுத்த சிலிண்டர் தெரிந்துவிட்டதா? அதன் பிளக்கைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாட்டுங்கள். பக்கத்துப் பிளக்கை இங்கே. திரும்ப ஒயர் சோதனை. மிஸ் பிளக்கோடு இடம் மாறிவிட்டால் பிளக்தான் குற்றவாளி. மாறவில்லையா, ஒயரை மாற்றிப் பாருங்கள். பிளக்கும் ஒயரும் மாற்றியும் மிஸ் அதே சிலிண்டரில் குடியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. கடைக்குப் போகாமலே பாதி விடை கிடைத்துவிட்டது.

கழற்றிய பிளக்குகளைத் தட்டில் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். செய்தித்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி, அந்தந்த இடத்தில் வையுங்கள். மெக்கானிக்குகள் பிஸ்கட் கலர் என்பார்களே, அது நல்ல நிறம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு வந்தால் பொறியே வரவில்லை. ஆயில் பிசுக்கோடு கறுத்திருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்துவிட்டது. வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இடைவெளி 0.025 அங்குலம் இருக்க வேண்டும். இந்த இடத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர், "பிளக்கைப் பெட்ரோல்ல நனைச்சுக் கொளுத்தினா சுத்தமாயிடும்" என்பார். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

மயிலாப்பூருக்கென்று ஒரு கோளாறு உண்டு. அதை உள்ளூரில் யாரும் மதிப்பதில்லை. கடல் இங்கிருந்து நடை தூரம். சாந்தோம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று இருபது வருஷத்து ஒயரின் ரப்பரைச் சும்மா விடுவதில்லை. மேலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, உள்ளே பச்சைப் பூசணம் பூத்த முனைகள். வெயில் ஏறிய பிறகு வண்டி நன்றாக ஓடும். ஐப்பசி மழையிலும் மார்கழி விடியலிலும் மட்டும், சரியாக நீங்கள் அவசரமாகக் கிளம்பும் நேரத்தில், உலுக்கும். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார், ஒன்றும் இருக்காது. "நல்லாத்தானே சார் ஓடுது" என்று உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

இதைப் பிடிக்க சன்னதி தெருவில் பூக்கட்டும் அம்மாவிடம் போங்கள். மல்லிகை வாடாமல் இருக்க அவர் தண்ணீர் தெளிக்கிற, மூடியில் துளை போட்ட பாட்டில் ஒன்று வைத்திருப்பார். ஐந்து நிமிஷத்துக்கு இரவல் கேளுங்கள். ஒரு முழம் வாங்கிக்கொண்டு கேட்பது மரியாதை. இருட்டிய பிறகு, தெருவிளக்குக்குத் தள்ளி வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேலும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி மேலும் கொஞ்சமே கொஞ்சம் தெளியுங்கள். கை எதிலும் படக் கூடாது. பழைய ஒயராக இருந்தால் நீல நிறத்தில் பொறிகள் ஒயரிலிருந்து இஞ்சினுக்குத் தாவும். சடசடவென்று சத்தமும் கேட்கும். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் குறுக்கு வழியில் இறங்குவது அதுதான். கரண்ட் கட் நேரமாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாலு ஒயரையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மிச்ச மூன்றும் முறை வைத்துக்கொண்டு வரும்.

நாலு சிலிண்டருக்கும் பொதுவான மிஸ் என்றால் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை எடுங்கள். இதற்குள்தான் பழைய பெட்ரோல் வண்டியின் பாதி ரகசியம் இருக்கிறது, கார்ப்ரேட்டர் பெயரில் எழுதப்பட்ட பாவங்களில் பெரும்பங்கும். மூடியின் உட்புறம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கிறுக்கியது போல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், கரண்ட் அதன் வழியே பக்கத்து சிலிண்டருக்கு ஓடுகிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். ரோட்டர் நுனி கருகியிருக்கிறதா பாருங்கள். பிறகு பாயிண்ட். இரண்டு முனையும் தட்டையாகத் தொட வேண்டும். ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சர் ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். பாயிண்டை மட்டும் அரம் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தால் திரும்பவும் அப்படியே ஆகும்.

பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். அதற்கென்று கேஜ் இருக்கிறது. மெக்கானிக் வாயில் அது 'ஃபில்லர் கேஜ்'. பெட்டியில் இருக்கும், கைக்கு வராது. பதிலுக்கு ஹேக்சா பிளேடு, விசிட்டிங் கார்டு, சபா டிக்கெட் என்று எது கிடைத்ததோ அது உள்ளே போகும். சபா டிக்கெட் எந்த வரிசை என்பதைப் பொறுத்துக் கனம் மாறும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. கண்டென்சர் இன்னொரு வகையில் ஏமாற்றும்: ஆறியபோது நல்ல பிள்ளை, சூடேறினால் மக்கர். மந்தைவெளியில் ஒழுங்காக ஓடி, தி. நகர் உஸ்மான் ரோடு நெரிசலில் மட்டும் இருமுகிற வண்டிக்கு முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். கட்டைவிரல் அளவு கூட இல்லாத, மலிவான சாமான். அதனாலேயே யாரும் அதன் மேல் சந்தேகப்படுவதில்லை.

பொறி சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழவில்லையா? கம்ப்ரஷன். நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு துளையிலும் கேஜ் வைத்து செல்ஃப் அடியுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் நெருங்கி இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் பாதாளத்தில் இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊற்றித் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இந்த மூன்று விடைக்கும் செலவு வேறுவேறு. அதனால்தான் பார்க்காமலே "ரீபோர் பண்ணிடலாம் சார்" என்கிற ஆளிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது.

வால்வு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது வண்டியின் தப்பு இல்லை. இந்த இஞ்சினை வரைந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் எரிந்து வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்பை இரும்பு தின்னாமல் காத்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். நம் நுரையீரலுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் கடினமான சீட் போடாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இறங்க இறங்க டேப்பெட் இடைவெளி குறையும். 0.015 அங்குலம் இருக்க வேண்டியது ஒன்றுமில்லாமல் போனால் வால்வு முழுக்க மூடாது; மூடாத வால்வு கருகும். நம்மூரில் டேப்பெட் சத்தம் கேட்டால் உடனே இறுக்கச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. சத்தம் போடுகிற டேப்பெட் பிழைத்துக்கொள்ளும். அமைதியாகிவிட்ட டேப்பெட்டைத்தான் கவனிக்க வேண்டும். அம்பாசடர் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் பயப்படுங்கள்.

ஐடிலில் மட்டும் உலுக்கினால் இன்டேக் மேனிஃபோல்டைப் பாருங்கள். இந்த ஹெட்டில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒரு காற்றுவாய், மூன்றுக்கும் நாலுக்கும் சேர்த்து ஒன்று. அதனால் ஒரு பக்கத்து கேஸ்கெட் கசிந்தால் ஜோடியாகத்தான் சுணங்கும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். எங்கே தடவும்போது உலுக்கல் மாறுகிறதோ அங்கே இழுக்கிறது. பெட்ரோல் தெளித்துப் பார்ப்பது பழைய முறை. அதைச் செய்து காட்டுகிறவருக்குப் புருவம் இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

பெட்ரோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் ஃப்யூவல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அது ஊறவைத்து இளக்கிவிடும்; ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; டாங்கில் பல வருஷமாகத் தூங்கிய துருவையும் எழுப்பி ஜெட்டுக்கு அனுப்பும். வாரத்தில் ஒரு நாள் கபாலி கோயில் வரை ஓட்டுகிற வண்டியில் மிச்ச ஆறு நாள் பெட்ரோல் சும்மா இருப்பதில்லை. டாங்கை நிரப்பி வைத்து அழகு பார்க்காதீர்கள். ரப்பர்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றுங்கள். கத்திரி வெயிலில், மெட்ரோ வேலைக்காகச் சுற்றிவிட்ட லஸ் டிராஃபிக்கில் வண்டி இருமி நின்றால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். ஃப்யூவல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி காத்திருங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களிடம் துணியைக் காட்டுங்கள். வயதானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கார்ப்ரேட்டர். எஸ்யூ கார்ப்ரேட்டராக இருந்தால் கழற்றாமலே விசாரிக்கலாம். பக்கவாட்டில் அடியில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதை மெல்ல மேலே தள்ளி, உள்ளே பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக எழுப்புங்கள். இஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. துளி ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் கார்ப்ரேட்டர் நிரபராதி. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யுங்கள். சம்பளப் பட்டுவாடா மாமா மட்டும் நம்ப மாட்டார்.

செய்யவே கூடாத வைத்தியம் ஒன்று உண்டு, ஊரில் அதிகம் நடப்பதும் அதுதான்: ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றிவிடுவது. ஆயிரத்துக்கு மேல் சுற்றவிட்டால் உலுக்கல் அடங்கி, மிஸ் மறைந்துவிட்டது போல் தெரியும். "பாருங்க சார், கல்லு மாதிரி நிக்குது" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொள்வார்கள். மூன்று சிலிண்டரில் ஓடுகிற வண்டி நாலுக்குக் குடித்துக்கொண்டு, எரியாத பெட்ரோலால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு ஓடும். கொஞ்ச நாளில் ரிங்கும் போகும். அப்போது அதே ஆள் வந்து, "ரீபோர்" என்பார், சரியாகவும் இருப்பார்.

சாமான் வாங்கப் புதுப்பேட்டை போகிறவர்கள் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் பெயருக்கு ஏற்றது கிடைக்கும், வண்டிக்கு ஏற்றது கிடைக்காது. ரோட்டரை மாட்டும் பள்ளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். புது கண்டென்சர் வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். பழையது ஓரளவாவது ஓடிக்கொண்டிருந்தது என்றால் அதையும் டிக்கியில் போட்டு வையுங்கள். டப்பா புதிதாக இருப்பதற்கும் சாமான் நன்றாக இருப்பதற்கும் இப்போதெல்லாம் சம்பந்தம் குறைவு.

அம்பாசடர் இல்லாத, ஆனால் அம்பாசடரைவிட மோசமாக உலுக்குகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண சமையல் கான்ட்ராக்டர்களின் பழைய டீசல் டெம்போக்களைச் சொல்கிறேன். இதில் பிளக்கும் இல்லை, பாயிண்டும் இல்லை. கூட்டத்துக்கு வேலை குறைவு. ஆனால் விசாரணை அதேதான். இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் யூனியன் நட்டை ஒவ்வொன்றாக ஒரு சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்த நாசில் தூங்குகிறது. கழற்றி டீசல் பம்ப் கடையில் டெஸ்ட் பண்ணக் கொடுங்கள். எல்லாமே தாறுமாறாக இருந்தால் லைனில் ஏர் பிடித்திருக்கும்; ஃபில்டர் மேலே பிளீடரைத் திறந்து, கைப்பம்ப் அடித்து, நுரை போய்ச் சுத்த டீசல் வரும் வரை விடுங்கள். இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். புது காமன் ரெயில் வண்டியில் நட்டைத் தொட்டால், தோலைத் துளைத்து உள்ளே போகிற அழுத்தத்தில் டீசல் பீச்சும், நேரே ஆஸ்பத்திரிதான்.

டெம்போக்கள் முகூர்த்த நாளில், விடிகாலை மூன்று மணிக்கு, அண்டாவும் தவலையும் ஏற்றிய பிறகுதான் மிஸ் அடிக்கும். அந்த நேரத்தில் நட்டைத் தளர்த்துகிறவர் முதலில் அண்டாக்களை இறக்கி, வாசலுக்கு மறுபுறம், காற்று வரும் திசையில் வைக்கச் சொல்லட்டும். டீசல் பட்ட கையைச் சிகைக்காய் போட்டுக் கழுவாமல் யாரும் சாம்பார் அண்டா பக்கம் போகக் கூடாது. பெண் வீட்டார் இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அங்கே எந்த சிலிண்டர் என்று யாரும் கேட்கப்போவதில்லை.